தீயெழுத்தும் தமிழெழுத்தும்

மக்கள் கண்ணைக் கவரும் பொருள்களுள் தீக்கு ஒப்பானது அரிது. பேசவறியாக் குழவி அகல்விளக்கை நோக்கிக் கை நீட்டுகின்றது. முதியோர் மார்கழி வைகறையிற் சருகு கூட்டிக் கொளுத்தி, அத்தழலையே நோக்கி அமர்ந்திருக்கின்றனர். பொங்கலுக்கு முன்னாள் சிறுவர் போகித் தீயைச் சூழ்ந்து பறை கொட்டுகின்றனர். தீயின் இக்கவர்ச்சியை எழுத்தின்மேல் ஏற்றிக் காட்டும் வித்தையொன்று கணினியின் வாயிலாக இக்காலத்து யாண்டும் பரவியுள்ளது. படங்களைத் திருத்தும் மென்பொருளில் யாதானும் ஒரு சொல்லை எழுதி, அச்சொல்லின் தலையினின்றும் தழல் கொழுந்துவிட்டு எழுவதுபோலத் தோன்றச் செய்தலே அவ்வித்தையாம். எம்மூராகிய நெல்லிக்குப்பத்தில் கடைத்தெரு வழியே நடந்து செல்வார், மணவிழாப் பதாகையிலும், மஞ்சள் நீராட்டு விழாப் பதாகையிலும், நண்பர் பிறந்தநாட் பதாகையிலும் பெயர்கள் எரிந்துகொண்டிருக்கக் காண்பர்.

இச்சிறு பொருளைப் பற்றி ஒரு கட்டுரையும் வேண்டுமோ என வினவுவார் இருக்கலாம். சென்ற ஆண்டு எம் கல்லூரித் தமிழ் மன்ற விழாவுக்குப் பதாகை அமைக்கும் பணி எம்மிடமும் உடன் பயிலும் நண்பர் சிலரிடமும் ஒப்புவிக்கப்பட்டது. ‘தமிழ்’ என்னும் சொல்லைத் தீப்பற்றி எரிவதுபோல அமைத்தல் வேண்டுமென நண்பர் விரும்பினர், யாம் உடன்பட்டிலேம். “பத்தொன்பது வயதிலேயே கிழவராகிவிட்டீர்” என நகைத்து, அவர்கள் தம் விருப்பப்படியே முடித்துவிட்டனர். எம் கருத்தை அன்று விரித்துரைக்கக் காலம் வாய்க்கவில்லை. ஆகலின் இம்மலரின் பக்கங்களை அதற்குப் பயன்படுத்திக்கொள்கின்றோம். யாம் இவ்வித்தையின் பகைவர் அல்லோம் என்பதை முதற்கண் கூறிவிடுதல் நலம். கோடை விடுமுறைகளில் நெல்லிக்குப்பத்தில் எம் பெரியப்பா மகனார் நடத்தும் ப்ளெக்ஸ் கடையில் அமர்ந்து, இதனைக் கற்று, எத்துணையோ பெயர்களுக்கு எம் கையாலேயே தீ மூட்டியுள்ளோம். பகைத்துப் பேசுவாரினும் பழகிப் பேசுவார் சொல் ஓரளவு கொள்ளத்தக்கது என்பது எம் நம்பிக்கை.

இனி, இவ்வித்தை செய்யப்படுமாற்றைச் சிறிது கூறுவோம். 1990ஆம் ஆண்டு வெளிவந்த போட்டோஷாப் என்னும் மென்பொருளில் நெடுங்காலமாக வழங்கிவரும் முறை இது. முதலிற் கருநிறத் தளம் ஒன்று விரித்து, அதன்மேல் வெண்ணிறத்தில் தடித்த எழுத்துகளால் சொல்லை எழுதுவர். அம்மென்பொருளிற் ‘காற்று’ என்னும் பொருளுடைய ஒரு வடிகட்டி உண்டு. அது வெண்மையைக் கீற்றுக் கீற்றாக ஒரு புறமாய் இழுத்துச் செல்லும். ஆனால் அக்காற்று இடமாகவும் வலமாகவும் வீசுமேயன்றி மேல்நோக்கி வீசாது. ஆதலின் படத்தை முழுவதும் 90 பாகை திருப்பி, எழுத்தின் தலை பக்கவாட்டில் நிற்குமாறு செய்து, அத்தலையை நோக்கி இரண்டு மூன்று முறை காற்றை வீசச் செய்து, மீண்டும் படத்தை நிமிர்த்துவர். இப்பொழுது வெண்கீற்றுகள் எழுத்தின் உச்சியினின்றும் வானோக்கி நிற்கும். பின்னர், ஜெர்மானியக் கணித அறிஞர் காஸ் என்பாரின் பெயர் தாங்கிய மங்கலாக்கும் வடிகட்டியால் அக்கீற்றுகளின் கூர்மையைக் குறைப்பர். அதன்மேல் அலை போன்ற நெளிவு ஒன்றை ஏற்றுவர். இத்துணையும் செய்த பின்னரும் அது தீயன்று. வெறும் வெண்புகை போன்றே காணப்படும்.

அதற்குத் தீயின் உயிரை அளிப்பது நிறம் ஊட்டும் இறுதிச் செயலேயாம். படத்தைக் கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறங்களால் ஆயதாக மாற்றி, ‘கரும்பொருள்’ என்னும் பெயருடைய நிறப்பட்டியலை அதன்மேல் ஏற்றுவர். உடனே கருமை அவ்வாறே நிற்க, அதற்கு அடுத்த மங்கல் செம்மையாகவும், அதன்மேற் பொன்மஞ்சளாகவும், மிக வெளியது வெண்மையாகவும் மாறி, கண்ணெதிரே தழல் எழும். இப்பெயர் பௌதிக நூலினின்றும் வந்தது. தன்மேற் படும் ஒளியனைத்தையும் விழுங்கும் பொருளைக் கரும்பொருள் என்பர். அதனைச் சூடேற்றுந்தோறும் அது வெளியிடும் ஒளி இன்ன முறையில் மாறும் என்பதற்கு 1900ஆம் ஆண்டில் விதி வகுத்தவர் மாக்ஸ் பிளாங்க். கொல்லன் உலையில் இரும்பை நோக்கினார்க்கு இது புதுமையன்று. ஏறத்தாழ 525 பாகை சென்டிகிரேடு அளவில் இரும்பு மங்கிய செம்மை காட்டத் தொடங்கும். வெம்மை மிக மிகச் செம்மை மஞ்சளாகி வெண்மையை நோக்கிச் செல்லும். கொல்லன் தன் கண்ணால் அறிந்ததைக் கலைஞன் நிறப்பட்டியலாற் காட்டுகின்றான். பொருளின்றி மென்பொருள் வாங்கவியலாத மாணவர், கலிபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழக மாணவர் இருவர் 1990-களின் நடுவில் தொடங்கி உலகோர்க்கு இலவயமாக அளித்த கிம்ப் என்னும் மென்பொருளிலும் இதனைச் செய்துகொள்ளலாம்.

இவ்வாறு நோக்குங்கால், இஃது இகழத்தக்க வேலையன்று. அறிவும் பொறுமையும் வேண்டும் கைத்தொழில். பின் எம் குறைதான் யாது? இருவகைக் குறை. ஒன்று எழுத்தைப் பற்றியது. மற்றொன்று சொல்லைப் பற்றியது.

எழுத்தைப் பற்றிய குறையை முதற்கண் கூறுவோம். மேற்கூறிய முறை உரோமானிய எழுத்துக்களை வைத்துப் பழகியோரால் அமைக்கப்பட்டது. அவ்வெழுத்துகளிற் பெரியன பலவும் நேர்கோட்டால் ஆயவை. தலைமேல் தழல் எழினும் உடல் தெளிவாக நிற்கும். தமிழெழுத்தோ வளைவும் சுழியும் கொம்பும் புள்ளியும் உடையது. மெய்யெழுத்து தலையிற் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்தது. அப்புள்ளி நிற்கும் இடமும் தழல் தோன்றும் இடமும் ஒன்றே. காற்று வீசி, மங்கலாக்கி, அலை ஏற்றியபின் புள்ளி எங்கே? தழலுள் ஒரு பொறியாய்க் கலந்து மறைந்துபோகின்றது. புள்ளியில்லாத் தமிழ் என்ன பாடுபடும் என்பதை ஏட்டுச்சுவடி படித்த நம் முன்னோர் நன்கறிவர். ஓலையில் எழுத்தாணியாற் புள்ளி குத்தாது விட்டமையால், படிப்போர் இடம் நோக்கிப் பொருள் கொள்ள நேர்ந்தது. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வரிவடிவிற் பிரித்துக் காட்டும் முறையைத் திருத்தினார் என வீரமாமுனிவர் இன்றும் போற்றப்படுகின்றார். இத்தாலியிலிருந்து வந்த ஒருவர் நம் எழுத்தின் தெளிவுக்காக உழைத்திருக்க, அவ்வெழுத்தோடு பிறந்த நாம் ஒரு வடிகட்டியால் அத்தெளிவைக் கெடுத்தல் முறையாமோ? ‘கல்வி’ என்னும் சொல்லிற் புள்ளி மறைந்தால் யாதாகும் என்பதை எழுத யாம் நாணுகின்றோம். ஐயமுடையார் தாமே எழுதிப் பார்த்துக்கொள்க. பள்ளி விழாப் பதாகையொன்றில் அவ்வாறே நிகழ்ந்து, விடியுமுன் அதனை இறக்க ஓடினோர் கூட்டத்தில் யாமும் இருந்தோம்.

கொம்பின் துன்பம் வேறொன்று. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டு முறையில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம் பெற்றது. ஆயினும் படத்திருத்த மென்பொருள்களின் பழைய பதிப்புகள் தமிழெழுத்தை இசைக்கும் முறை அறியாதன. ‘கொ’ என எழுதினால் கொம்பு ஒருபுறமும் காலொருபுறமும் சிதறி நிற்கும். அதனால் கடைக்காரர் பலர் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களையே நம்பி வாழ்கின்றனர். புதிய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கென அமைந்த அமைப்பைத் தேர்ந்துகொண்டால் இவ்விடர் நீங்கும். கிம்ப் மென்பொருளில் இவ்விடர் இல்லை. இதனை அறியாது எழுதிவிட்டு, சிதறிய கொம்பைத் தழலால் மூடி மறைக்கும் வழக்கமும் உண்டு. தீ பிழையை மறைக்குமேயன்றித் திருத்தாது.

நிற்க. சொல்லைப் பற்றிய குறையே எம் நெஞ்சை மிகுதியும் உறுத்துவது. எழுத்துக்கும் தீக்கும் உள்ள தொடர்பு இன்று தோன்றியதன்று. மதுரையில் நிகழ்ந்த அனல்வாதத்தில் திருஞானசம்பந்தர் தீயிலிட்ட ஏடு வேகாது பச்சையாகவே இருந்தது எனப் பெரியபுராணம் கூறுகின்றது. ஏடு எரியாமையே ஆண்டு வெற்றி எனக் கொள்ளப்பட்டது என்பதை ஓர்க. இனி, எம் கடலூருக்குத் தெற்கே அதே கடற்கரையில் உள்ள தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் முதலிய மிஷனெரிமார் அச்சுக்கூடம் அமைத்தபொழுது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் 1713ஆம் ஆண்டு அவர்க்கு வந்து சேர்ந்தன; தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டு அச்சேறி முடிந்தது. உலோகத்தைத் தீயில் உருக்கி அச்சில் வார்த்தாலன்றி அவ்வெழுத்துகள் பிறந்திரா. ஆண்டுத் தீ எழுத்தைப் பெற்ற தாய். பிறிதொரு தீயையும் நம் காலத்திற்கு அணித்தாகத் தமிழர் கண்டனர். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், மீண்டும் பெறலரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. ‘தமிழ்’ என்னும் சொல் தழலுள் நிற்பதை விழா வாயிலிற் கண்டு நண்பர் மகிழ்ந்தனர். அந்நூலகத்திற் பயின்ற முதியவர் ஒருவர் அவ்வாயில் வழியே வந்திருப்பாராயின், அவர் அதனை வீரமெனக் கண்டிருப்பாரோ, மற்றொன்றெனக் கண்டிருப்பாரோ? இவ்வொரு வினாவே அன்று எம்மைத் தடுத்தது.

அணியிலக்கணம் பயிலும் மாணவராகிய யாம் இதனை அணியின் நெறி கொண்டு நோக்குகின்றோம். உவமையும் உருவகமும் உயர்வு நவிற்சியும் பொருளை விளக்க வந்தவை. பொருளுக்கு ஏவல் செய்வன. பொருளோடு பொருந்தாத உவமையை அறிஞர் வழு என்பர். வீரனுக்குத் தீயை உவமையாக்கலாம், சினத்துக்கு ஆக்கலாம், கொடுமையை எரித்தழிக்கும் நீதிக்கும் ஆக்கலாம். மணமகள் பெயருக்கும், குழந்தையின் காதணி விழாவுக்கும், கண்ணீரஞ்சலிக்கும் அதனை ஆக்குதல் எவ்வணியுள் அடங்கும்? கடையில் யாம் கண்டவரை, வாடிக்கையாளர் பெரும்பாலும் தீயைக் கேட்டு வாங்குவதில்லை. முன்பு செய்து வைத்த மாதிரி ஒன்று கணினியில் இருக்கும். பெயரை மட்டும் மாற்றினால் வேலை முடியும். எளிதாக இருத்தலே அதற்குக் காரணம், பொருத்தம் அன்று.

தீ தன் இடத்தில் இருந்தாற் செய்யும் நன்மையை எம் பக்கத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நெல்லிக்குப்பம் கரும்பால் வாழும் ஊர். பாரி நிறுவனத்தாரின் சர்க்கரை ஆலை 1842ஆம் ஆண்டு இங்கே தொடங்கியது என்பர். சாறு பிழிந்த சக்கையே கொதிகலனுக்கு விறகாக, அத்தீயினாலேயே சாறு சர்க்கரையாகின்றது. எம்மூர்க்குத் தென்மேற்கே வடலூரில், இராமலிங்க அடிகளார் 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாது எரிந்து, பசித்து வந்தார்க்குச் சோறிடுகின்றது. சமயத்தால் வேறுபட்ட யாமும் சிறுவயதில் எம் பாட்டியாரோடு சென்று அவ்வடுப்பைக் கண்டு வியந்ததுண்டு. ஆலையின் தீயும் அடுப்பின் தீயும் தம்மைக் காட்டிக்கொள்ள எரிவதில்லை. ஒன்று இனிமையாகவும் மற்றொன்று உணவாகவும் பயன் தருகின்றன.

ஈண்டு எம் பிழையொன்றையும் மறையாது உரைத்தல் கடன். இரண்டு கோடைக்கு முன், ஒரு நண்பகலில் அண்ணன் உணவுண்ணச் சென்றிருந்தார். கடையில் யாம் தனித்திருந்தோம். இளைஞர் நால்வர் வந்து, இறந்த தம் தோழனின் படத்தையும் பெயரையும் கொடுத்து, முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்குப் பதாகை வேண்டும் என்றனர். “நன்றாகச் செய்யுங்கள்” என்று மட்டுமே கூறிச் சென்றனர். புதிதாகக் கற்ற வித்தையைக் காட்டும் ஆசை எமக்கு. அவ்விளைஞன் பெயரை அழகிய தழலெழுத்தால் எழுதினோம்; புள்ளி ஒன்றும் மறையாதவாறு கவனித்தோம்; அதுவரை யாம் செய்தவற்றுள் அதுவே சிறந்தது என உள்ளம் பூரித்தோம். மாலையில் அச்சிடுமுன் சரிபார்க்க வந்தவர் அவ்விளைஞனின் அக்கையார். அவர் கணினித் திரையை நோக்கினார். புடைவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். சிறிது நேரம் கழித்து, “தம்பி, அந்த எழுத்தை அணைத்துவிடு” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அண்ணன் அருகில் வந்து எம் காதில் உரைத்தார். அவர்கள் குடியிருந்த கூரைவீடு சென்ற கோடையிற் பற்றியெரிந்தபோது, உள்ளே துயின்றிருந்தவன் அவ்விளைஞன்.

எம்மை எவரும் கடிந்துகொண்டிலர். தழலை நீக்குவதற்கு எமக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை. அடுக்கொன்றை மறைத்ததும் தீ அணைந்தது. வெண்மையின்மேற் கருமையாய் அவன் பெயர் மட்டும் நின்றது. அக்கையார் அதனை இருமுறை படித்து, “இதுவே போதும்” என்றார். மெய்த்தீ அவ்வளவு எளிதில் அணைந்திருந்தால் அவ்வீட்டில் அழுகை இராதன்றோ என்னும் எண்ணம் அன்றிரவு முழுதும் எம்மை உறங்கவொட்டவில்லை. எம் பிழை எழுத்துப் பிழையன்று, இலக்கணப் பிழையுமன்று. யார் படிப்பார் என ஒருமுறையும் எண்ணாமையே எம் பிழை. கேட்டிருந்தால் ஒரு வினாவில் அறிந்திருப்போம்.

எம் கருத்துக்கு மறுப்புரைப்பார் கூறுவன இரண்டு. வண்டியில் விரைந்து செல்வோர் கண்ணைத் தீயன்றி வேறெது நிறுத்தும் என்பது ஒன்று. எல்லாப் பதாகையும் எரியும் தெருவில் எரியாத பதாகையே கண்ணை நிறுத்தும் என்பது எம் விடை. மேலும், கண்ணை நிறுத்துதல் வேறு, படிக்கச் செய்தல் வேறு. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னையருகே சாலைமேல் வைத்த பதாகை சரிந்து விழ, இருசக்கர வண்டியிற் சென்ற இளம்பெண் ஒருவர் லாரியில் அகப்பட்டு உயிர் துறந்தார். நாட்டோர் நெஞ்சு பதறிற்று. வழிச்செல்வோரின் கண்ணும் கவனமும் நமக்கு விளையாட்டுப் பொருள் அல்ல. இளைஞரின் மகிழ்ச்சிக்கு ஏன் தடை என்பது மற்றொரு மறுப்பு. யாம் தடை கூறவில்லை, அளவு கூறுகின்றோம். உப்பு வேண்டாம் என்பார் எவருமிலர். உப்பையே சோறாக்குதல் கூடாது என்பதே வழக்கு.

ஆகவே எம் கல்லூரித் தோழர்க்கு மூன்று செய்திகளைப் பணிவுடன் முன்வைக்கின்றோம். முதலாவது, சொல்லை நோக்குக; அதனுள் வெம்மை உண்டாயின் தழலிடுக, இல்லையேல் விடுக. ஒரு பதாகையில் ஒரு சொல்லுக்குமேல் எரிய வேண்டா. இரண்டாவது, எழுத்தைக் காக்க. தழலுக்கெனத் தனியடுக்கும், சிதையாத மூல எழுத்துக்கெனத் தனியடுக்கும் வைத்து, மூல எழுத்தைத் தழலின்மேல் நிறுத்துக. தழல் எழுத்தின் உயரத்தில் மூன்றிலொரு பங்கைக் கடவாதிருக்கட்டும். முடிந்தபின் பத்தடி தொலைவில் நின்று, புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க. மூன்றாவது, அச்சுக்கு அனுப்புமுன், இதனைப் படிக்கப்போகின்றவர் யார் என வினவி, இயன்றால் அவருள் ஒருவர்க்கேனும் காட்டுக. இம்மூன்றனுள் முன்னிரண்டு கைத்திறன். இறுதியது நெஞ்சின் திறன். எம் தமிழ் மன்றத்தார் இவ்வாண்டு விழாப் பதாகை அமைக்குங்கால் இவற்றைக் கருத்திற் கொள்வரேல், சென்ற ஆண்டின் நகைப்பை யாம் மகிழ்வுடன் மறப்போம்.

விவிலிய நூலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மோசே ஓரேப் மலையருகே ஒரு முட்செடியைக் கண்டான். அது தீப்பற்றி எரிந்தது, எனினும் வெந்துபோகவில்லை. அவ்வியப்பை அணுகிக் காணச் சென்றவன், முதலிற் காலணியைக் கழற்றுமாறு பணிக்கப்பட்டான். எரியும் எழுத்தும் அச்செடிபோல் இருத்தல் வேண்டும். தழல் சூழினும் ஒரு புள்ளியும் வேகாது நிற்றல் வேண்டும். அதனை ஆக்குவோரும் சிறிது நின்று, தம் காலணியைக் கழற்றும் வணக்கத்தோடு அதனை அணுகுதல் வேண்டும். எழுத்து நமக்குமுன் பலர் உழைத்துக் காத்துத் தந்த செல்வம். அதன்மேல் எழுதப்படும் பெயர் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர்க்கு உயிரினும் இனியது. இதனை மறவாத கைகளில் தீயும் விளக்காகும்.